நான்கு விரல்

கச்சைகட்டி தாண்டி, குவாரிக்குப் போகும் மண்தடத்தில்
ராயப்பன் இரண்டை நிறுத்தி வைத்திருந்தார்.
வெள்ளை ஒன்று, நெடுநெடுவென்று.
பந்தயக் கோப்பையோடு எடுத்த போட்டோவும் உண்டு அதற்கு.
மற்றது கருஞ்சிவப்பு, பெட்டை.
கேட்டால் மட்டும் காட்டுவோம் என்பதுபோல்
லாரித் தொட்டிக்கு மறுபக்கம்.

நான் நாலடி பத்தங்குலம்.
கோரிப்பாளையம் வங்கிக் கிளையில்
இரண்டு மெத்தை அடுக்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவள்.
பதினோரு வருஷமாய் இரவல் குதிரைகளில்
அங்கவடியை ஆறு துளை ஏற்றிக் கட்டி,
பரணில் எதையோ தேடுகிறவள்போல்
டிரெஸ்ஸாஜ் வட்டம் போட்டிருக்கிறேன்.
நடுவர் ஒருவர் எழுதினார்: "குதிரை நன்று. ஆள் தெரியவில்லை."

"கால்வாசி மார்கன், மேடம். அமெரிக்கா.
கொடைக்கானல் எஸ்டேட்டுக்கு வந்த பொலிகுதிரை வழி."
ஜெராக்ஸ் நீட்டினார்.
முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் டீ கிளாஸின் வட்டம்.
மிச்சம்?
"அரைவாசி கத்தியவாரி. பாக்கிக் கால்வாசி ஆண்டவருக்கே வெளிச்சம்."

காதுகள் உள்ளே வளையத் தொடங்கி
பாதியில் மனம் மாறியிருந்தன.
கழுத்து மட்டும்
குடத்தை இடுப்பில் ஏற்றியதும் நிமிர்கிற பெண்போல்
மார்பிலிருந்தே எழுந்து நின்றது.

ஓடவிட்டார்கள்.
முழங்கால் நெஞ்சைத் தொட்டுவிடும்போல் ஒரு தூக்கு.
குவாரிப் பையன்கள் விசிலடித்தார்கள்.
நான் குனிந்து செருப்பில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன்.
துள்ளோட்டம் சொல்லிக்கொடுத்தால் வரும்.
நடை கூடவே பிறப்பது,
நம்மால் அதைக் கெடுக்கத்தான் முடியும்.

"சும்மா நடத்துங்க. கயிறு தளர்வா."

கல்தூள் மாவுபோல் படிந்த தரை.
முன்குளம்பு பதித்துவிட்டுப் போன குழியைத்
தாண்டி விழுந்தது பின்குளம்பு.
உட்கார்ந்து விரல் வைத்து அளந்தேன். மூன்று.
மறுபடி நடத்தச் சொன்னேன்.
நான்கு.
வெள்ளைக்கும் அளந்தேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.
அதன் பின்கால் குழிக்கு ஒரு விரல் முன்பே
திருப்தியாகி நின்றுவிட்டது.

தரகர் சூசை, வெள்ளையில் கமிஷன் அதிகம் போலும்,
காதருகே வந்தார்:
"இடது கண்ணுக்குக் கீழ பாத்தீங்களா? கண்ணீர்ச் சுழி.
வாங்குறவங்க அழுவாங்க. நாளைக்கு என்னையத் திட்டக் கூடாது."
பார்த்தேன். ரோமம் ஒரு பொட்டுபோல் சுழித்திருந்தது.
"அதுக்கு எவ்வளவு குறைப்பீங்க?" என்றேன் சத்தமாக.
ராயப்பன் சூசையை முறைத்த முறைப்பில்
இருபதாயிரம் குறைந்தது.
அழுகையெல்லாம் அடுத்தவர் குதிரைகளிலேயே
முடித்துவிட்டவள் நான் என்று
அவர்களிடம் சொல்லவில்லை.

இனி உயரம்.
நூற்று நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் வரை போனி.
அதற்குமேல் ஒரு நெல் ஏறினாலும் குதிரை,
வேறு பிரிவு, நீண்ட கால்காரர்களோடு.
டேப் கொண்டுவர மறந்திருந்தேன்.
தேவைப்படவும் இல்லை, நானே நூற்று நாற்பத்தேழு.
செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.
டிரைவர் என் உச்சந்தலையிலிருந்து அவள் தோள்மேட்டுக்கு
ஸ்கேல் பிடித்துப் பார்த்தார்.
"ஒரு விரல்கடை அவங்க ஒசரம்."
லாடம் கழற்றினால் சரிக்குச் சரி.

பல்லைப் பார்த்தால் வயது நாலரை.
போனில் டாக்டர் வினோலியா சொன்னார்:
"மார்கன் ரத்தம்னா ஆறு வயசு வரைக்கும் வளரும். யோசிச்சுக்கோ."
யோசித்தேன்.
அந்தக் கழுத்துக்காக ஜெராக்ஸ் மெய்யாக இருக்க வேண்டும்.
அந்த ஒரு சென்டிமீட்டருக்காகப் பொய்யாக.

எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக் கம்பியில்
தினமும் தொங்கினேன், வளர்வதற்கு.
உள்ளங்கை காய்த்ததுதான் மிச்சம்.
இன்று காய்த்த அதே கையால்
அவள் தோளைத் தட்டி, யாருக்கும் கேட்காமல்
"போதும்டி, வளராதே" என்றேன்.

பணத்தை எண்ணிக் கொடுத்தேன், தொழில் பழக்கம், இரண்டு தடவை.
மினி லாரியின் பலகையில்
முன்கால் வைத்தாள், முகர்ந்தாள்,
சாணி போட்டாள்,
பிறகு பின்காலை எட்டி வைத்து
ஏறினாள்.